பேட்டரியில் இயங்கும் வீடியோ அழைப்பு மணி: ஒரு வீட்டு வாசலின் நிகழ்வு ஆய்வு

பேட்டரியில் இயங்கும் வீடியோ அழைப்பு மணியை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை மாதம் தாங்கும் என்பதைத்தான். நாங்கள் வாங்கிய மணியின் பெட்டியில் ஆறு மாதம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் வாசலில் அது மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. கருவியில் பழுது எதுவும் இல்லை, பேட்டரியும் புதியது. அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் வந்தது, அதை எந்த அளவுக்குச் சரிசெய்ய முடிந்தது, சரிசெய்யும்போது வேறு எவையெல்லாம் தெரியவந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் கண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பது பேட்டரியின் அளவைவிட, மணி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பேட்டரிக்கு நல்லதாக அமைந்த ஏற்பாடே எதிர்வீட்டாரின் தனியுரிமைக்கும் எங்கள் வீட்டாரின் நிம்மதிக்கும் நல்லதாக அமைந்தது.

வீடும் வாசலும்

முன்கதவுக்கும் நடைபாதைக்கும் இடையே ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான முற்றம் இருக்கிறது; நடைபாதையைத் தாண்டினால் வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலை. கதவு மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெயில் நேராக விழும். வீட்டில் நாங்கள் நால்வர்: வேலைக்குப் போகும் நானும் என் மனைவியும், படிக்கும் மகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார். அம்மாவுக்குக் காது மந்தம். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவரும் அவர் ஒருவர்தான். பழைய மணியின் கம்பி சுவருக்குள் எங்கோ அறுந்துபோயிருந்தது. சுவரை உடைத்துப் புதுக் கம்பி இழுக்க அப்போது வசதிப்படவில்லை என்பதால் பேட்டரி மணியைத் தேர்ந்தெடுத்தோம். பழைய பொத்தான் இருந்த இடத்திலேயே, தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், சாலையை நேராகப் பார்க்கும்படி அதைப் பொருத்தினோம்.

மணியில் இருப்பது 6,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ள, தனியே கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் அயனி பேட்டரி. கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையோடு இணைகிறது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. இவ்வகை மணிகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

ஆற்றல் கணக்கு

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. லித்தியம் அயனி பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். அதை 6 ஆம்பியர் மணியால் பெருக்கினால் ஏறக்குறைய 22 வாட் மணி கிடைக்கும். அது 10 வாட் எல்இடி விளக்கு ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரிக்கப் போதுமான ஆற்றல், அவ்வளவுதான். இதைக் கொண்டு ஒரு கேமராவையும் வைஃபை ரேடியோவையும் மாதக்கணக்கில் ஓட்ட வேண்டுமென்றால், கருவி ஏறக்குறைய எல்லா நேரமும் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வெப்ப அசைவை உணரும் சென்சார் மட்டும் விழித்திருக்கும். அது தட்டி எழுப்பினாலோ, யாரேனும் பொத்தானை அழுத்தினாலோதான் கேமரா கண் திறக்கும்.

உறக்கத்தில் 5 மில்லிவாட், விழித்துப் பதிவு செய்யும்போது 2 வாட் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குக் கருவி இந்த எண்கள் மாறும் என்றாலும், இரண்டுக்கும் இடையே உள்ள நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு மாறாது. உறக்கத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 0.12 வாட் மணி செலவாகும். அரை நிமிடப் பதிவு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.017 வாட் மணி. ஆக, யாருமே வராத வாசலில் பேட்டரி ஆறு மாதம் வரும். நாளுக்குப் பத்துப் பதிவு நடக்கும் வாசலில் அது 77 நாளாகக் குறையும். அறுபது பதிவு நடக்கும் வாசலிலோ இருபது நாள்கூட முழுதாக வராது. செயலியில் இருந்த நிகழ்வுப் பட்டியலைப் பார்த்தபோது, எங்கள் வாசலில் வேலைநாட்களில் பதிவுகள் அறுபதை ஒட்டியே இருந்தன. பெட்டியில் எழுதியிருந்தது பொய் என்று சொல்வதற்கில்லை. அது எங்கள் வாசலைப் போன்ற ஒரு வாசலுக்காக எழுதப்படவில்லை. வாங்குபவர் தம் வாசலில் ஒரு நாளில் எத்தனை அசைவு நடக்கிறது என்பதைக் கணக்கெடுத்துக்கொண்டு, அதன்பிறகு பெட்டியைப் படிப்பதே சரியான வரிசை.

சென்சார் எதைப் பார்க்கிறது

அந்த அறுபதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி அனைத்தும் சாலையில் போன வாகனங்கள். அதைவிட வியப்பாக இருந்தது, எட்டு மீட்டருக்கு அப்பால் ஓடிய வாகனத்தை உடனே பிடித்த கருவி, முற்றத்தில் நேராக நடந்து வந்தவரைப் படிக்கட்டு வரை வந்த பிறகே பிடித்தது.

பிஐஆர் எனப்படும் அகச்சிவப்புச் சென்சார் இயங்கும் விதத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அது படம் எடுப்பதில்லை; வெப்பம் மாறுவதை மட்டும் உணர்கிறது. அதன் முன்னால் இருக்கும், பால்போன்ற வெண்மையுள்ள ஃபிரெனல் லென்ஸ், பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சூடான பொருள் ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் குறுக்கே கடக்கும்போதுதான் சென்சாருக்கு வலுவான குறி கிடைக்கிறது. சாலையில் போகும் வாகனத்தின் என்ஜின் சூடு வரிசையாக எல்லாப் பட்டைகளையும் கடக்கிறது. கதவை நோக்கி நேராக வருபவரோ வெகுநேரம் ஒரே பட்டைக்குள் நடந்து வருகிறார். அதாவது, நாங்கள் பொருத்தியிருந்த கோணம் தெருவைப் பிடிப்பதற்கு மிகப் பொருத்தமாகவும் விருந்தினரைப் பிடிப்பதற்கு மிகக் குறைவாகவும் அமைந்திருந்தது.

செயலியில் அசைவுப் பகுதியை வரைந்து, சாலையை அதிலிருந்து விலக்கியதே நாங்கள் செய்த முதல் மாற்றம். போனுக்கு வரும் அறிவிப்புகள் பெருமளவு குறைந்தன. சார்ஜ் குறையும் வேகமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. இங்கே ஒரு நுட்பம் உள்ளது, வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். சில கருவிகளில் நாம் வரையும் பகுதி சென்சாரையே கட்டுப்படுத்தும். வேறு சிலவற்றில் சென்சார் கேமராவை எழுப்பிய பிறகே, படத்தைப் பார்த்து, அசைவு பகுதிக்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்று கருவி முடிவு செய்யும். ஆளா வாகனமா என்று பிரித்தறியும் வசதியும் இப்படித்தான்: படத்தைப் பார்க்காமல் அதனால் முடிவு செய்ய இயலாது. இத்தகைய கருவியில் அறிவிப்பு வராமல் போனாலும் ஆற்றல் அதற்குள் செலவாகிவிடும். வீட்டாரின் கவனத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு ஒன்று, பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு வேறொன்று என்பதைத் தெளிந்துகொண்ட பிறகே அடுத்த படி புலப்பட்டது.

அடுத்த படியாக மணியையே திருப்பினோம். இதற்கென்று விற்கப்படும் ஆப்பு வடிவப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மணிக்கும் சுவருக்கும் இடையே வைத்து, கருவியைச் சுமார் 15 பாகை பக்கவாட்டில் திருப்பி, இன்னொரு சிறு தட்டால் சற்றே கீழ்நோக்கியும் சாய்த்தோம். முற்றத்தின் வாயிற்கதவு ஒரு ஓரத்தில் இருப்பதால், இப்போது அதைத் திறந்து வருபவர் சென்சாரின் பட்டைகளைக் குறுக்கே கடந்துதான் கதவை அடைகிறார். சாலையின் பெரும்பகுதி பார்வையிலிருந்து விலகிவிட்டது. பதிவுகள் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று இறங்கின. ஆட்களைப் பிடிப்பதும் முன்னைவிடத் தெளிவாயிற்று. மென்பொருளில் எத்தனை அமைப்புகளை மாற்றினாலும், இந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் செய்த வேலைக்கு ஈடாகவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சென்சாருக்கு இயற்கையாகவே உள்ள வேறொரு வரம்பும் எங்கள் வாசலில் வெளிப்பட்டது. மனித உடலின் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையே அது நம்பியிருக்கிறது. கடும் வெயில் காலப் பிற்பகல்களில் முற்றத்துத் தரையும் சுவரும் 35 பாகை செல்சியஸை எட்டும்போது அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. அந்நேரங்களில் வாசல் வரை வந்து பொருளை வைத்துவிட்டுப் போனவர் பதிவாகாமலே போனதுண்டு. பொத்தானை அழுத்தினால் மட்டுமே கருவி விழித்தது. பாதுகாப்புக்காக மட்டும் இத்தகைய மணியை வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரவுத் தொல்லை வேறு வகையானது. நள்ளிரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுகள் குவிந்த ஒரு வாரத்தில், படங்களைத் திறந்தால் ஒரு வெண்கயிறு திரையின் குறுக்கே ஊசலாடிக்கொண்டிருந்தது. மணியின் மேல்விளிம்பிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடி வரை சிலந்தி ஒன்று இழை கட்டியிருந்தது. இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் அருகில் இருக்கும் எதையும் வெள்ளை வெளேரென்று காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத இழை திரையில் கயிறாகத் தோன்றியது அதனால்தான். இழை தானாகச் சென்சாரை எழுப்பாது. அதன்மேல் நடமாடிய சிலந்தி சென்சார் லென்ஸின் மீதே ஏறி இறங்கியபோதுதான் கருவி விழித்திருக்கிறது. மென்மையான துணியால் மணியின் முகத்தையும் ஓரங்களையும் துடைத்துவிடுவது எங்கள் வாராந்தர வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

சுவர்களும் வைஃபையும்

வைஃபை ரூட்டர் வீட்டின் பின்னறையில், ஓர் அலமாரிக்குள் இருந்தது. அதற்கும் வாசலுக்கும் இடையே இரண்டு சுவர்கள், பிறகு இரும்புக் கம்பிக் கதவு. செயலி காட்டிய அலைவலிமை −74 டெசிபெல் மில்லிவாட்; இந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுதல். −60 அல்லது அதைவிட நல்ல அளவு இருந்தால்தான் வீடியோ தடையின்றிப் போகும். வலிமை குன்றினால் கருவி மெதுவான வேகத்தில் அனுப்புகிறது, அனுப்பியது சேராதபோது மறுபடியும் அனுப்புகிறது. ஒரே நீளப் பதிவுக்கு ரேடியோ நெடுநேரம் விழித்திருக்க நேர்கிறது. ரூட்டரை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தின் சுவரில் மாட்டியதும் அளவு −58 ஆயிற்று. பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு என்பதால், இந்த 16 டெசிபெல் முன்னேற்றம் நாற்பது மடங்கு வலிமையைக் குறிக்கிறது. போனில் நேரலைப் படம் திறக்க ஆகும் நேரமும் வெகுவாகக் குறைந்தது.

மணியின் முதல் வேலை

வீடியோ, பதிவு, இருவழிப் பேச்சு என்று எத்தனை வசதிகள் இருந்தாலும், அழைப்பு மணி செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்பது. பேட்டரி மணியில் இந்த அடிப்படை வேலையே சிக்கலாகிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் செய்தி கருவியிலிருந்து ரூட்டருக்கும், அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்கும், பிறகு போனுக்கு அறிவிப்பு அனுப்பும் சேவைக்கும் போய், கடைசியில்தான் நம் கைக்கு வருகிறது. சில நொடிகள் கழிந்துவிடுகின்றன. அவசரத்தில் இருப்பவர் திரும்பி நடந்துவிடுகிறார். அலுவலகத்தில் இருக்கும் எனக்குப் படம் தெரிகிறது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரிவதில்லை. "மணி அடிச்சா எனக்குத் தெரியணும்ப்பா. உன் போன்ல படம் வந்து நான் என்ன பண்ண?" என்று அவர் கேட்டது முழுக்க நியாயம்.

ஆகவே மணியோடு இணையும் உட்புற ஒலிப்பெட்டி ஒன்றை அம்மாவின் அறையில் பொருத்தினோம். ஒலிக்கும்போது பளிச்சிடும் விளக்கும் அதில் இருக்கிறது. இத்தகைய பெட்டிகளில் சில மணியோடு நேரடி ரேடியோத் தொடர்பு கொள்பவை. வேறு சில இணையத்தின் வழியாக மட்டுமே இயங்குபவை. நம்முடையது எது என்று அறிய எளிய சோதனை உண்டு: ரூட்டரில் இணையக் கம்பியை மட்டும் உருவிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒலித்தால் அது நேரடித் தொடர்பு. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இந்தச் சோதனையில் தேறாத மணியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சார்ஜ் ஏற்றும் நேரத்தையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டியிருந்தது. மணியின் அடிப்பகுதியில் நட்சத்திர வடிவத் தலையுள்ள ஒரு சிறு திருகாணி. அதற்கென்று பெட்டியோடு வந்த திருப்புளி காணாமல் போகாதிருக்க நூல் கட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. திருகாணியைக் கழற்றி முகப்பை விலக்கினால் கறுப்பு ரப்பர் விளிம்பும், அதில் படிந்த தெருத்தூசியும், உள்ளே பேட்டரியும் தெரியும். தூசியைத் துடைக்காமல் மூடினால் விளிம்பு சரியாகப் பதியாமல் மழைநீர் கசிய இடமுண்டு. பேட்டரி முழுமையாக ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாசல் ஊமை. இரண்டாவது பேட்டரி ஒன்றை வாங்கி, எப்போதும் தயாராக வைத்திருப்பது என்று முடிவு செய்த பிறகு மாற்றும் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. பேட்டரி உள்ளேயே பதிந்திருக்கும் மாடல்களில் மணி முழுவதையும் சுவரிலிருந்து கழற்றியாக வேண்டும் என்பதால், பகலில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு அவை ஏற்றவை அல்ல. உறைபனி விழும் இடங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: குளிரில் லித்தியம் அயனி பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும்; பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். அறைக்குள் கொண்டுவந்து, சில்லிப்பு அடங்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

எதிர்வீடும் எங்கள் வீடும்

மணி பொருத்திய சில நாட்களிலேயே எதிர்வீட்டு அம்மா, "எங்க வாசலும் அதுல தெரியுதா?" என்று என் மனைவியிடம் கேட்டார். தெரிந்தது. அவர்கள் திண்ணையில் அமர்ந்திருப்பதும், யார் வருகிறார் போகிறார் என்பதும் அகலக் கோணத்தில் பின்னணியாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. பேட்டரிக்காகத் திருப்பிய அதே 15 பாகை இந்தக் குறையையும் பெருமளவு நீக்கியது. ஓரத்தில் எஞ்சிய ஒரு சன்னலைச் செயலியின் மறைப்புக் கட்டத்தால் மூடி, போனில் அவரிடமே காட்டினோம். அயலாரிடம் விளக்கம் சொல்வதைவிடப் படத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஒலி அதைவிட நுட்பமானது. கேமராவைத் திருப்பலாம், மைக்கைத் திருப்ப முடியாது. நடைபாதையில் நின்று பேசுபவர்களின் குரல் அவர்களுக்குத் தெரியாமலே பதிவாகிறது. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் அண்டைவீட்டார் வழக்கொன்றில், வீட்டெல்லைக்கு வெகு அப்பால் நடக்கும் பேச்சையும் பிடிக்கும் ஒலிப்பதிவு, படப்பதிவைவிடவும் பாதகமானது என்று கருதியது. அதற்கு முன்பே, 2014 டிசம்பர் 11 அன்று, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வீட்டுக் கேமரா பொதுத்தெருவையும் சேர்த்துப் பதிவு செய்தால் அது முழுக்க வீட்டு விவகாரம் என்று சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இந்தத் தீர்ப்புகளின் காரணங்கள் எந்தத் தெருவுக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். நாங்கள் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டோம். பொத்தானை அழுத்தியவரோடு பேசுவதற்கு அது தடையாக இல்லை.

பதிவுகள் நம் கையில் மட்டும் இருப்பவை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2023 மே மாதம் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், வீடியோ அழைப்பு மணிகளை விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க இடமளிக்கப்பட்டிருந்தது என்று குற்றஞ்சாட்டி நடவடிக்கை எடுத்தது. பதிவுகளை வைத்திருக்கும் காலத்தைக் கூடியவரை குறைப்பதும், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைப்பதும் ஒவ்வொரு வீட்டாரும் உடனே செய்யக்கூடியவை.

வெளியாரைவிட வீட்டாரின் விஷயத்தில்தான் எங்களுக்கு நீண்ட பேச்சு தேவைப்பட்டது. நானும் மனைவியும் அலுவலகத்திலிருந்து நேரலைப் படத்தை அடிக்கடி திறந்து பார்த்துவந்தோம்: கதவு பூட்டியிருக்கிறதா, மகள் வந்துவிட்டாளா, அம்மா வெளியே நிற்கிறாரா. இரண்டு நிமிட நேரலை ஒவ்வொன்றும் நான்கு பதிவுக்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்கிறது என்பது ஒரு பக்கம். மகள் சொன்னது அதைவிடக் கனமானது. தான் எத்தனை மணிக்கு வந்தேன், யாருடன் வந்தேன் என்பதை எல்லாம் சுவர் குறித்து வைத்துக்கொள்வதுபோல் இருக்கிறது என்றாள். தாமதமாக வந்த நாளில் நான் கேள்வி கேட்பதற்கு முன்பே எனக்கு நேரம் தெரிந்திருந்ததை அவள் கவனித்திருந்தாள். அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வீட்டார் நடமாடும் மாலை நேரத்தில் அசைவுப் பதிவு அணைந்திருக்கும், பொத்தானை அழுத்தினால் மட்டுமே கேமரா விழிக்கும். வந்துவிட்டேன் என்று மகள் தானே ஒரு வரி அனுப்புவாள், நேரலையைத் திறந்து அவளைத் தேடுவதில்லை. பேட்டரிக்கும் இதனால் ஆதாயமே.

தற்போதைய நிலை

இப்போது ஒருமுறை ஏற்றிய சார்ஜ் இரண்டரை மாதத்தை ஒட்டி வருகிறது. முன்பு போட்ட கணக்கோடு இது ஏறக்குறைய பொருந்துகிறது. வெயில் காலப் பிற்பகலில் ஆட்களைத் தவறவிடும் குறை தீரவில்லை. சென்சாரின் இயல்பே அது என்பதால், பொருளைக் கொண்டுவருபவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மணிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். சூரியத் தகடு இணைக்கலாமா என்று யோசித்தோம். எங்கள் சுவரில் காலை வெயிலே படாததாலும், தகட்டை மாட்டும் இடம் கூரையின் நிழலில் வருவதாலும் அதைக் கைவிட்டோம்.

அடுத்து வீட்டில் சுவர் வேலை நடக்கும்போது புதுக் கம்பியை இழுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். எனினும், எங்களுடையது உள்ளிட்ட பல பேட்டரி மாடல்களில் கம்பியை இணைத்தாலும் கருவி பேட்டரியில்தான் ஓடும். கம்பி பேட்டரிக்குச் சிறிது சிறிதாக மின்னூட்டம் ஏற்ற மட்டுமே செய்யும். அசைவு மிகுந்த வாசலில் ஏறுவதைவிடச் செலவாவது கூடுதலாகி, கம்பி இருந்தும் பேட்டரி தீர்ந்துபோகலாம். எனவே கம்பி வந்த பிறகும் ஆப்புத் தட்டுகள் அதே இடத்தில்தான் இருக்கும்.